வெண்கொட்டைக் கனி

கனியொன்றைப் பற்றி வரலாற்றுச் சொற்பொழிவா என்று நேயர்கள் வியக்கலாம். மன்னர்க்கும் போர்க்கும் மட்டுமே வரலாறு உண்டு என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் ஒரு நாட்டின் பாதைகள் திறந்ததையும் அடைபட்டதையும் அரசர் பட்டியலைவிடத் தெளிவாக ஒரு கனி எடுத்துரைப்பதும் உண்டு. லடாக்கில் விளையும் ஆப்ரிகாட் அத்தகைய கனி. வட இந்தியர் இதைக் குபானி என்பர். லடாக்கியர் சூலி என்பர்.

முதலில் பெயரின் கதையைக் காண்போம். இக்கனி ஆர்மீனியாவிலிருந்து வந்ததாகப் பண்டை ரோமானியர் கருதினர். 1753ஆம் ஆண்டில் தாவரங்களுக்கு முறையாகப் பெயரிட்ட லின்னேயசும் அந்நாட்டின் பெயரையே இதற்குச் சூட்டினார். ஆனால் சீனமும் மத்திய ஆசியாவுமே இம்மரத்தின் தாயகம் என்பது தாவர நூலோர் பலரின் முடிவு. கனி வந்த வழியில் இருந்த ஊருக்குப் பெயர் கிடைத்தது. அதை முதலில் பேணி வளர்த்தவர் பெயர் மறைந்தது. விளைபொருள்களின் வரலாற்றில் இஃது அடிக்கடி நிகழ்வதே.

லடாக் மழை மறைவுப் பாலைநிலம். லே நகரில் ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். மலையுச்சியின் பனி உருகி வரும் நீரைக் கால்வாய் வெட்டிக் கொணர்ந்தே மக்கள் வேளாண்மை செய்கின்றனர். கார்கில் வட்டாரத்திலும், சிந்து நதியின் கீழ்க்கரை ஊர்களிலும், நூப்ராப் பள்ளத்தாக்கிலும் ஆப்ரிகாட் மரங்கள் செழிக்கின்றன. ஏப்ரலில் பூத்து, ஜூலை, ஆகஸ்டில் கனியும். பறித்த பழம் சில நாள்களுக்கு மேல் நில்லாது. நெடிய குளிர்காலமோ காத்திருக்கிறது. ஆகவே பழங்களைக் கூரைமேல் பரப்பி வெயிலில் உலர்த்திச் சேமிப்பது இல்லறக் கடமையாயிற்று.

இம்மக்கள் தம் கனிகளை வகைப்படுத்திய முறை வியக்கத்தக்கது. தோலின் நிறத்தையோ பழத்தின் பருமனையோ அவர்கள் முதன்மையாகக் கொள்ளவில்லை. கொட்டையை உடைத்துப் பார்த்தார்கள். பருப்புக் கசந்தால் கந்தே, இனித்தால் ஞார்மோ. கசக்கும் பருப்பை மிகுதியாக உண்டால் நஞ்சாகும். ஆதலால் அதிலிருந்து எண்ணெய் எடுத்து விளக்கெரிக்கவும் கூந்தலுக்குத் தடவவும் பயன்படுத்தினர். இனிக்கும் வகையிலும் கொட்டையின் ஓடு கருத்திருந்தால் ரக்ட்சே நக்போ. வெளுத்திருந்தால் ரக்ட்சே கார்ப்போ. ரக்ட்சே என்றால் கொட்டை. கார்ப்போ என்றால் வெண்மை. இவ்வெண்கொட்டைக் கனியே இனிமையில் சிறந்ததென்று விருந்தினர்க்கும் குழந்தைகட்கும் உரியதாயிற்று. எழுதப்படாத ஒரு தாவர நூலே அம்மக்களிடம் இருந்தது என்றால் மிகையாகாது.

உலர்ந்த கனி உணவாக மட்டுமன்றிச் செலாவணியாகவும் விளங்கியது. சாங்தாங் மேட்டுநில இடையர் கம்பளியும் உப்பும் கொணர்ந்து, தானியமும் உலர்கனியும் பெற்றுச் சென்றனர். 1684ஆம் ஆண்டின் திங்மோஸ்காங் உடன்படிக்கைக்குப் பின், லேயிலிருந்து லாசாவுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை தூதுக்குழு செல்லும் வழக்கம் ஏற்பட்டது. அத்தடத்தில் சென்ற சரக்குகளில் உலர்ந்த ஆப்ரிகாட்டும் ஒன்று. காஷ்மீரத்துக்கும் லேவுக்கும் பால்டிஸ்தானத்துக்கும் செல்லும் வழிகள் கூடும் இடமாகக் கார்கில் வாணிகத்தால் வளர்ந்தது.

பின்னர் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1947, 1948ஆம் ஆண்டுகளின் போரால் கார்கிலுக்கும் ஸ்கார்டுவுக்கும் இடையே எல்லைக்கோடு விழுந்தது. 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் திபெத்தின் வாயிலும் மூடியது. ஆப்ரிகாட் தோப்புகள் சூழ்ந்த துர்துக் என்னும் ஊர் 1971ஆம் ஆண்டுப் போரில் இந்தியாவின் வசமாயிற்று. எல்லைக்கு அப்பால் இருந்த உறவினரை அவ்வூரார் ஒரே இரவில் பிரிந்தனர். மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றின் சந்தைகள்தாம் அயல்நாடாகிவிட்டன.

எஞ்சியது மேற்கே சோஜி கணவாய் வழி. அதுவும் குளிர்காலத்தில் பல மாதம் பனியால் மூடிக்கிடப்பது வழக்கமாக இருந்தது. பழத்துளைப் பூச்சி பரவும் என்ற அச்சத்தால் புதுக்கனியை வெளியே அனுப்பவும் நெடுங்காலம் தடை இருந்தது. உலர்கனிக்கோ வேறொரு துன்பம். துருக்கி நாட்டுப் பழம் கந்தகப் புகையூட்டப் பெற்றுப் பொன்னிறமாக மின்னும். லடாக்கின் பழம் வெயிலில் மட்டுமே உலர்ந்து பழுப்பேறியிருக்கும். கண்ணால் மட்டும் பார்த்து விலை பேசிய வணிகர் இதை மட்டமாக மதித்தனர்.

இந்நிலையில் சட்டம் துணைக்கு வந்தது. இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் டார்ஜிலிங் தேயிலையும், பின்னர் நம் மதுரை மல்லிகையும் பெற்ற அக்காப்பு, 2022 டிசம்பரில் லடாக்கின் ரக்ட்சே கார்ப்போவுக்குக் கிட்டியது. வேறோரிடத்துப் பழத்தை அப்பெயரால் விற்க இனி எவர்க்கும் உரிமையில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே லடாக்கின் புதுக்கனி விமானமேறித் துபாய் சென்றிருந்தது.

ஆயின் சட்டம் பெயரைக் காக்குமேயன்றி மரத்தைக் காவாது. இம்மரத்தின் கொட்டையை ஊன்றினால் தாய்மரத்தின் குணம் அப்படியே வருமென்ற உறுதியில்லை. ஒட்டுக்கட்டி வளர்த்தால்தான் வெண்கொட்டை வெண்கொட்டையாக நிலைக்கும். சந்தை விரும்பும் பெரிய கனிகளுக்காக முதிய மரங்களை வெட்டிவிட்டால், ஏட்டில் பெயர் இருக்கும். தோப்பில் கனி இராது.

பல நூற்றாண்டுகளாகப் பிறர் நாட்டின் பெயரைச் சுமந்து திரிந்த கனியினத்தில் ஒரு வகை, தன்னை வளர்த்தவர் மொழியிலேயே தன் பெயரைப் பெற்றுவிட்டது. ஊர் பேர் அறியாத உழவர்கள் கொட்டையை உடைத்து, சுவைத்து, தேர்ந்து வைத்த பெயர் அது. அவர்கள் தேர்ந்ததை ஒட்டுக்கட்டிக் காப்பவர் உள்ளவரையில்தான் அப்பெயருக்குப் பொருள் உண்டு.