பென் டிரைவில் இடம் குறைவாகக் காட்டுகிறதா?

16 ஜிபி பென் டிரைவைக் கணினியில் செருகினால் 14.9 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். தயாரிப்பாளர்கள் 1 ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 107 கோடிக்கும் சற்று அதிகமாகக் கணக்கிடுகிறது. அளவுகோல்தான் வேறு, இடம் எங்கும் போகவில்லை.

அதே பென் டிரைவ் சில நூறு எம்பி மட்டும் காட்டினால் அது வேறு விஷயம். லினக்ஸ் போன்றவற்றை நிறுவுவதற்காக அதை பூட் டிரைவாக மாற்றியிருந்தால் பெரும்பாலும் இப்படி ஆகும். சிறு பார்ட்டிஷன் ஒன்று மட்டும் நம் கண்ணில் படும், மீதி இடம் சும்மா கிடக்கும். வழக்கமான ஃபார்மட் அந்தச் சிறு பகுதியை மட்டுமே சுத்தம் செய்யும். பத்து முறை ஃபார்மட் செய்தும் பலன் இல்லை என்று பலர் சலித்துக்கொள்வது இதனால்தான்.

தேவையான கோப்புகளை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் டிஸ்க்பார்ட் என ஆங்கிலத்தில் டைப் செய்து திறங்கள். பென் டிரைவைக் கழற்றிவிட்டு 'லிஸ்ட் டிஸ்க்' கொடுங்கள். பிறகு செருகி மீண்டும் அதையே கொடுங்கள். புதிதாக வந்த எண்தான் பென் டிரைவ். இதில் அவசரம் கூடாது. எண் மாறினால் கணினியின் ஹார்டு டிஸ்க்கே காலியாகிவிடும். குடும்பப் படங்கள், கணக்குகள் எல்லாம் போய்விடும். 'நிச்சயமாகவா?' என்று டிஸ்க்பார்ட் கேட்காது.

எண் 1 என்றால் 'செலக்ட் டிஸ்க் 1', அடுத்து 'கிளீன்', 'கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி' என ஒவ்வொன்றாகக் கொடுத்து என்டர் தட்டுங்கள். பிறகு மை கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் முழு இடமும் திரும்பிவிடும். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது.

உள்ளே ஒன்றும் தெரியாமல் இடம் மட்டும் நிறைந்திருந்தால் ஃபார்மட் வேண்டாம். வைரஸ் கோப்புகளை மறைத்திருக்கலாம். வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்வு செய்து பாருங்கள்.

மலிவு விலையில் வாங்கிய 128 ஜிபியில் படங்கள் ஏறுகின்றன, ஆனால் திறக்கவில்லையா? அது 8 ஜிபி சிப்பில் 128 என்று பொய்யாகப் பதிந்த போலியாக இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். இதற்கு மட்டும் ரிப்பேர் கிடையாது; கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.