மண்டபம் முகாம்: ஓர் இருப்புப்பாதைக் குடியிருப்பின் வரலாறு

ஊர் வரலாற்றை அங்கு நிலைத்து வாழ்ந்தோரைக் கொண்டு எழுதுதல் மரபு. அம்மரபில் அடங்காத ஊர் மண்டபம்.

மதுரையிலிருந்து கிழக்கே செல்லும் இருப்புப்பாதை, வைகைச் சமவெளியைக் கடந்து, 1902-இல் இக்கடலோர மணற்பரப்பில் வந்து முடிந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. தனுட்கோடி வரை புகைவண்டியும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் செல்லவே, மண்டபம் இலங்கைக்கு வாயிலாயிற்று. அவ்வாயிலில் இலங்கை அரசு தொற்றுத்தடுப்பு முகாம் நடத்திற்று. கங்காணிமார் திரட்டிய தோட்டத் தொழிலாளர் இங்குத் தங்கவைக்கப்பெற்று, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே கடல் கடந்தனர்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பெற வேண்டுவதாயிற்று. அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் தனுட்கோடியை அழித்தமையின், பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. அதில் வந்தோரை ஏற்றதும் மண்டபம் முகாமே. அன்று தொழிலாளரை வழியனுப்பிய இடம், அவர்தம் வழித்தோன்றல்களை எதிர்கொண்டது. தாயகம் திரும்பியோர் எனப்பட்ட அவருட் பலர் இந்நாட்டை முன்னர்க் கண்டறியாதவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி வந்த ஈழத் தமிழர்க்கும் இதுவே முதற்புகலிடமாயிற்று.

ஆகவே, மண்டபத்தின் வரலாறு அங்குக் காத்திருந்தோரின் வரலாறே என்பது நம் துணிபு. ‘மண்டபம் கேம்ப்’ என்னும் புகைவண்டி நிலையப் பெயர் இன்றும் அதற்குச் சான்றாய் நிற்கின்றது.