தலை, தண்டு, பிடி: ஒரு வளைகோலின் வரலாறு

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், உப்பளங்களின் வெண்மை கண்ணில் படுமுன் கீழ்புத்துப்பட்டைக் கடக்கிறார்கள். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதைச் சூழ்ந்த காடும் இவ்வூரின் பெருமை. கடற்கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடுகளின் எச்சம் என்பதால் தாவரவியலார் இங்கு வருகிறார்கள். நேர்த்திக்கடன் செலுத்துவோர் அய்யனாருக்காக வருகிறார்கள். நமக்கோ அய்யனாரின் கையிலிருப்பதன் மீது கண்.

அய்யனார் திருமேனிகளில் சிற்பிகள் வழிவழியாக வடித்துவரும் கருவி செண்டு. நுனி வளைந்த கோல் அது. அகராதியைப் புரட்டினால் செண்டுக்குப் பூங்கொத்து, பந்து, குதிரை ஓட்டும் வெளி, ஓர் ஆயுதம் எனப் பல பொருள்கள் வரும். உ.வே. சாமிநாதையர் இச்சொல்லின் பொருளைத் தேடிய கதையைச் 'செண்டலங்காரர்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். பந்து, வெளி, வளைந்த கோல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருப்பது நமக்குச் சுவையாகத் தோன்றுகிறது. அதற்காகப் பண்டைத் தமிழர் கோல்ஃப் ஆடினார்கள் என்று நிறுவப் புறப்படவில்லை. அப்பணிக்கு வேறு அன்பர்கள் இருக்கிறார்கள். பந்தை அடிக்க மனிதன் முதலில் செய்துகொண்டது ஒரு வளைந்த கோல்தான் என்பதை நினைவூட்டுவதே நம் நோக்கம். அக்கோல் பல துண்டுகளாகி, பெயர் பெற்று, விலை ஏறி, சாமானியன் கைக்கு எட்டாமற் போன கதையும், சிலர் அதை மீண்டும் தம் கையாலேயே கோத்துக்கொண்ட கதையும்தான் இக்கட்டுரை.

இன்று பெரிய நிறுவனமொன்றின் முழுத் தொகுதியை வாங்கினால் விலை எளிதில் லட்ச ரூபாயைத் தாண்டும். மாற்றுவழி ஒன்றுண்டு. தலையை ஓரிடத்தில், தண்டை ஓரிடத்தில், பிடியை வேறோரிடத்தில் வாங்கித் தன் உயரத்துக்கும் வீச்சுக்கும் ஏற்பத் தானே பூட்டிக்கொள்வது. பெருநிறுவனப் பெயரில்லாத இத்தகைய மட்டையைக் கழகங்களில் சிலர் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அவர்களுக்கு இவ்வாட்டத்தின் வரலாறு தெரியாது என்றே கொள்ளவேண்டும்.

ஸ்காட்லாந்தில் 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்து நாடாளுமன்றம், வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறு என்று கோல்ஃபைத் தடைசெய்தது. 1502இல் அவர் பேரன் நான்காம் ஜேம்ஸ் பெர்த் நகரில் மட்டைகள் வாங்கியதற்கு அரண்மனைக் கணக்கில் பதிவு இருக்கிறது. வாங்கியது யாரிடம் என்றால், வில் செய்பவரிடம்! பாட்டன் எந்த வில்லுக்காக ஆட்டத்தைத் தடுத்தாரோ, அந்த வில்லைச் செய்த கையே பேரனுக்கு மட்டை செய்து கொடுத்தது. மரத்தின் வளைவையும் நாரோட்டத்தையும் அறிந்தவர் அவரே அல்லவா?

அக்கால மட்டையின் தலை ஆப்பிள், பேரி, பீச் போன்ற மரங்களிலும் தண்டு சாம்பல் மரத்திலும் அமைந்தன. பிற்காலத்தில் தண்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி மரம் வந்தது. தலையையும் தண்டையும் சாய்வாகச் சீவி ஒட்டி, மேலே நூல் சுற்றிக் கீல் பூசினார்கள். இரும்புத் தலைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில் இரண்டாகப் பிரிந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் டாம் ஸ்டூவர்ட், ராபர்ட் காண்டி, லீவன் ஊரில் ஜார்ஜ் நிக்கல் போன்ற கொல்லர்கள் தலைகளை அடித்து விற்றார்கள். கழகங்களின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அவற்றை வாங்கித் தத்தம் பட்டறையில் தண்டு பூட்டி, தோல் பிடி சுற்றி, தம் பெயரையும் பொறித்து விற்றார்கள். ஆகவே அக்கால இரும்பு மட்டை பலவற்றில் இரண்டு முத்திரைகள் இருக்கும். ஒன்று கொல்லனுடையது, ஸ்டூவர்ட்டுக்குப் புகைக்குழாய், காண்டிக்கு ரோஜாப்பூ. மற்றது பூட்டியவருடையது. இன்று நாம் உதிரி மட்டை என்று ஒதுக்குவதுதான் அன்றைய முறையான மட்டை. வாங்க வருபவரின் உயரத்தைப் பார்த்துத் தண்டை வெட்டுவதை யாரும் சிறப்புச் சேவையாகக் கருதவில்லை. தையற்காரர் அளவெடுப்பது போல அது தொழிலின் இயல்பு.

விலையைப் பற்றிய பேச்சு வந்ததால் பந்தையும் சற்றுப் பார்ப்போம். தோலுறைக்குள் அவித்த இறகுகளைத் திணித்துத் தைத்த பழைய பந்து, மட்டைக்கு இணையான விலை விற்றது. ஒருவர் நாள் முழுதும் உழைத்தாலும் மூன்று நான்குதான் தேறும். நனைந்தால் போயிற்று. 1848ஐ ஒட்டி மலாய்க் காடுகளின் மரப்பாலான குட்டா-பெர்ச்சாவில் செய்த பந்து வந்தது. கீழைநாட்டிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்ட ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றிப் பொதிந்திருந்த குட்டா-பெர்ச்சாத் துண்டுகளைக் கொண்டுதான் ராபர்ட் பேட்டர்சன் என்பவர் முதற் பந்தை உருட்டினார் என்றொரு கதையுண்டு. சான்று கேட்டால் கிடைக்காது. ஆனால் பெருமாளுக்கு இதில் பங்குண்டு என்பதைக் கைவிட நமக்கு மனமில்லை. இறகுப் பந்து செய்வதில் புகழ்பெற்ற ஆலன் ராபர்ட்சன் புதுப்பந்தின் மீது கொண்ட சினத்தில், தம்மிடம் பணியாற்றிய டாம் மாரிஸுடனேயே பிணங்கினார். மாரிஸ் 1851இல் பிரெஸ்ட்விக் சென்றார். மலிவான பந்து வென்றது. தச்சரும் நெசவாளரும் ஆட்டத்துக்குள் வந்தது அதன் பிறகுதான் பெருகிற்று.

நிறுவனப் பெயரின் ஆட்சி எஃகுத் தண்டோடு தொடங்கியது என்று சொல்லலாம். அமெரிக்கச் சங்கம் 1924இலும், செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் 1929இலும் அதை ஏற்றன. ஹிக்கரி மரத்தில் ஒரு தண்டு போல் இன்னொன்று இராது. நூறு தண்டுகளைக் கையில் வளைத்துப் பார்த்துப் பத்தைத் தேர்வது ஒரு கலை. பாபி ஜோன்ஸ் தம் மட்டைகளை இவ்வாறு கைப்பட உணர்ந்தே பல ஆண்டுகளாகச் சேர்த்தவர். 1930இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஹிக்கரித் தண்டுகளைக் கொண்டே வென்றார். பின்னாளில் அவற்றைக் கருவியிட்டுச் சோதித்தபோது ஒன்றைத் தவிர எல்லாம் ஒத்திருந்தன என்றும், அந்த ஒன்று எப்போதும் தமக்குத் தொல்லை கொடுத்ததாக அவரே சொன்ன மட்டை என்றும் கூறுவார்கள். எஃகுத் தண்டு வந்ததும் இத்தேர்வுக்கு வேலையில்லாமல் போயிற்று. எல்லாத் தண்டும் ஒன்றே. எனவே தொழிற்சாலை ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் பூட்டலாம். பழைய பெயர்கள் போய் எண்கள் வந்தன, எண்ணுக்கு ஒரு மட்டை என்று தொகுதி வந்தது. பை பெருத்துக்கொண்டே போனதைக் கண்டு அமெரிக்கச் சங்கம் 1938இலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் 1939இலும் 14க்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டின.

இதன் விளைவு, உடலுக்கேற்ப மட்டை என்பது போய், மட்டைக்கேற்ப உடல் என்றானது. மரக்காணத்து உப்பளங்களில் நீண்ட கழி பூட்டிய பலகையால் உப்பை இழுத்துக் கூட்டுகிறார்கள். கழி குட்டையானால் நாளெல்லாம் முதுகு வளையும், நீண்டால் கைக்கு அடங்காது. உழைப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளையாடுபவர் மட்டும் கடையில் கிடைத்த நீளத்தை ஏற்றுக்கொள்கிறார்!

இந்நிலையில்தான் அமெரிக்காவில் ஒரு சிறு கிளர்ச்சி நடந்தது. 1967இல் கார்ல் பால் தொடங்கிய கோல்ஃப்ஸ்மித், தலைகளையும் தண்டுகளையும் தனித்தனியே அஞ்சலில் விற்றது. 1974இல் ரால்ஃப் மால்ட்பி மட்டைகளை வடிவமைப்பது, பொருத்துவது, பழுதுபார்ப்பது பற்றி ஒரு பெருநூல் எழுதினார். பட்டறை இரகசியமாக இருந்தது பாடமாயிற்று. பின்வந்த டாம் விஷன் தலைகளை வடிவமைத்ததோடு, கடைமட்டை ஏன் பெரும்பாலோருக்குப் பொருந்தாது என்பதை விடாமல் எழுதிவந்தார்.

அவர்கள் வாதத்தில் இரண்டு செய்திகள் நம்மைக் கவர்ந்தன. பழைய மரத்தலை மட்டைகளில் மிக நீண்டதன் நீளம் 43 அங்குலம். இன்று கடையில் 45க்கும் மேல். நீளம் கூடினால் வேகம் கூடும், பந்து தூரம் போகும் என்பது விற்பனைப் பேச்சு. நடுமுகத்தில் படுவது அரிதாகும் என்பதைச் சொல்வதில்லை. வருமானமே ஆட்டத்திலிருந்து பெறும் தொழில்முறையாளர்கள் பலர் அதைவிடக் குட்டையான தண்டையே விரும்புகிறார்கள். இரும்பு மட்டையின் எண்ணில் இன்னொரு வேடிக்கை. முன்பு ஐந்தாம் எண்ணுக்கிருந்த சாய்வை இன்று ஏழாம் எண்ணுக்குக் கொடுக்கிறார்கள். 'என் ஏழு இப்போது வெகுதூரம் போகிறது' என்று மகிழ்பவர் அடிப்பது பழைய ஐந்தைத்தான்.

தானே பூட்ட விரும்புபவர் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டிலிருந்து தரைவரை அளக்கவேண்டும். நீளத்துக்கு அது தொடக்கப்புள்ளி. அடுத்து வீச்சின் வேகம். மெல்ல வீசுபவருக்கு இளகிய தண்டு, வேகமாக வீசுபவருக்கு விறைப்பானது. பிறகு எடை, பிடியின் பருமன், தரையில் மட்டை படியும் கோணம். கருவிகள் என்று பார்த்தால் ஒரு பிடிசிராவி, அரம், தண்டு வெட்டும் வாள், எப்பாக்சிப் பசை, இருபுறப் பசைநாடா, தராசு. தண்டின் நுனியைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, பசை தடவித் தலையின் கழுத்துத் துளையில் இறக்கி, ஓர் இரவு ஆறவிட்டால் மறுநாள் மட்டை. தலையைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். பெருநிறுவன வடிவத்தை அப்படியே நகலெடுத்துப் பெயரில் ஓரெழுத்தை மாற்றி விற்பவை உண்டு. அவை மலிவல்ல, போலி. தனக்கென வடிவமைத்து, எடையும் கோணமும் சொல்லி விற்கும் தலை வேறு வகை. மறுவிற்பனையில் பெயரில்லா மட்டைக்கு விலை கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அதிகப் பணத்துக்கு அதிகத் தூரம் கிடைக்காதா என்று கேட்பவர்களுக்குச் சட்டமே விடை வைத்திருக்கிறது. மட்டைமுகத்தின் மீள்திறன் 0.83ஐத் தாண்டலாகாது என்று அமெரிக்கச் சங்கம் 1998இல் தொடங்கிய கட்டுப்பாடு, 2008 முதல் உலகெங்கும் ஒன்றாயிற்று. தலையின் கன அளவுக்கு 2004 முதல் 460 கனசெண்டிமீட்டர் என்பது வரம்பு. எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் சுவர் ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

இரும்புத் தலைகளைப் பெருமளவில் வார்ப்பதற்கு 1960களில் கார்ஸ்டன் சோல்ஹைம் பரப்பிய முறையையும் சொல்லவேண்டும். தம் வீட்டு வண்டிக் கொட்டகையில் 1959இல் மட்டை செய்யத் தொடங்கி, பிங் என்ற பெருநிறுவனமாக வளர்ந்தவர் அவர். அவர் கையாண்டது மெழுகில் உருவம் செய்து, மேலே உறை கட்டி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை. சுவாமிமலையில் நடராசரை வார்ப்பதும் இம்முறைதானே!

நம் நாட்டுக்கு இவ்வாட்டம் முன்னதாகவே வந்துவிட்டது. 1829இல் கல்கத்தாவில் தோன்றிய கழகம் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே முதலாவது. கொடைக்கானல் கழகம் 1895இல் வந்தது. துரைமார் ஆட, நம்மவர் பை சுமந்தார்கள். சுமப்பவருக்குக் 'கேடி' என்று பெயர். தமிழில் அச்சொல்லுக்குள்ள பொருளை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை. தில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். மும்பை செம்பூரில் கேடிகள் கட்டுமானக் கம்பியை வளைத்து மட்டையாக்கி, பிளாஸ்டிக் பந்தைக் குடிசைச் சந்துகளில் அடித்து ஆடுகிறார்கள். தென்னை மட்டையைச் செதுக்கிக் கிரிக்கெட் ஆடிய நமக்கு அது அயலான காட்சியன்று.

இவ்வகையில் தலையாயவர் கடலுக்கு அப்பால் இருந்தார். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாக டர்பனில் இறக்கியது. தமிழரும் தெலுங்கரும், பின்னர் வடக்கத்தியரும் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவ்வழிவந்த சமூகத்தில் 1928இல் பிறந்தவர் 'பாப்வா' எனப்பட்ட சியூசங்கர் சியூகோலம். சிவசங்கர் என்பதன் திரிபு. பெயரைக்கொண்டு வடக்கத்திய வழி எனலாம். வறுமையில் கேடியானார். பள்ளிப் படிப்பில்லை. நம் மலைவேம்பின் இனமான சிரிங்கா மரத்தின் கிளையை வெட்டிச் செதுக்கியதே அவருடைய முதல் மட்டை. சொல்லித்தர ஆளில்லாததால் கைகளைத் தலைகீழாக வைத்துப் பிடித்தார். வலக்கை ஆட்டக்காரர் எவரும் வலக்கையைக் கீழே வைப்பர், அவரோ இடக்கையை.

வேதியியலாளர் கிரஹாம் வுல்ஃப் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் டச்சு ஓபன் அவருடையதாயிற்று. 1963இல் டர்பனில் நேட்டால் ஓபனில் வெள்ளையர்களோடு ஆட இடம் கிடைத்தது, வென்றார். மழை பெய்துகொண்டிருந்தது. வெள்ளையர்கள் கழகக் கட்டடத்துக்குள் இருந்தார்கள். இனஒதுக்கல் நாட்டில் அவர் உள்ளே நுழையக்கூடாது. கோப்பையை அவர் மழையில் நின்று பெற்றுக்கொண்ட படம் உலகெங்கும் பரவியது. 1965இல் காரி பிளேயரை முந்தி அதே பட்டத்தை மீண்டும் வென்றார். அதன்பின் உள்நாட்டுப் போட்டிகளின் கதவு அடைக்கப்பட்டது; கடவுச்சீட்டும் பறிபோயிற்று. 1978இல் இறந்தார். கிளையில் பழகிய பிடியை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. அப்பிடிக்குக் கோல்ஃப் உலகில் இன்று சியூகோலம் பிடி என்று பெயர்.