கூரை வேய்தல்: தருமபுரி வட்டார வீடுகளின் வரலாறு

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் காரிமங்கலம். மழை குறைவும் வெயில் மிகுதியும் கொண்ட இவ்வட்டாரத்தில் புல் கூரை, நாட்டு ஓடு, சீமை ஓடு, கான்கிரீட் தளம் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு கூரைக்கும் அதற்குரிய வேலையாள் இருந்தார். கூரை மாறியபோது அவருடைய வேலையும் மாறியது. இன்று ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த கூரை’ அமைக்க ஆள் தேடுவோர் இவ்வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

புல்லும் ஓலையும்

அருகில் கிடைத்ததே தொடக்கத்தில் கூரையாயிற்று. புல், தென்னங்கீற்று, பனையோலை, கரும்புத் தோகை ஆகியவற்றை மூங்கில் சட்டத்தின் மேல் வரிசையாகக் கட்டினர். இக்கூரை வெப்பத்தை உள்ளே விடாது. மட்கினால் மண்ணுக்கே உரமாகும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து வேய வேண்டும். ஆகவே கூரை வேய்பவர் ஒரு வீட்டுக்குப் பலமுறை வந்து போகும் ஆளாக இருந்தார்.

இதன் பெருங்குறை தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

நாட்டு ஓடும் சீமை ஓடும்

நாட்டு ஓட்டைக் குயவர் சக்கரத்தில் குழல்போல வனைந்து, இரண்டாகப் பிளந்து சுட்டெடுப்பார். ஒரு வரிசை மல்லாந்தும் அடுத்தது அதன்மேல் கவிழ்ந்தும் இருக்கும். இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். பூனையும் குரங்கும் ஓட்டை நகர்த்திவிடுவதால், மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றுவது வழக்கம்.

ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் தட்டையான ஓட்டைப் பிரான்சில் கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் உருவாக்கினர். 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அவ்வகை ஓடே தமிழகத்தில் ‘மங்களூர் ஓடு’, ‘சீமை ஓடு’ எனப் பெயர் பெற்றது. குயவரின் இடத்தைத் தொழிற்சாலை எடுத்துக்கொள்ள, சட்டம் கோக்கும் தச்சர் கூரையின் முதன்மை வேலையாள் ஆனார்.

சுண்ணாம்பிலிருந்து கான்கிரீட்டுக்கு

வசதியுள்ளோர் ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் அமைத்தனர். மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டு, தட்டோடு பதிப்பர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சாந்தில் சேர்க்கப்பட்டது. பல நாள் அடித்துப் பதப்படுத்தும் வேலை அது.

சிமெண்டும் கம்பியும் வந்தபின் தளம் ஒரே நாளில் போடப்பட்டது. உறுதியும் தீ அச்சமின்மையும் கிடைத்தன. ஆனால் வெறும் கான்கிரீட் பகலில் வெப்பத்தை ஏற்று இரவில் வீட்டுக்குள் விடும். மலிவான ஆஸ்பெஸ்டாஸ் தகடோ வெப்பத்துடன் நோய் அச்சத்தையும் தந்தது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பசுமை வீடுகள் திட்டம்

தமிழக அரசு 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் வந்த முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் அடுத்த படி. 300 சதுர அடி வீடு, 1.80 லட்சம் ரூபாய், ஐந்து சூரிய விளக்குகள், மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவை அதன் கூறுகள். ஆண்டுக்கு 60,000 வீடுகள் என இலக்கு வைக்கப்பட்டது. நிழல் தருவதோடு நின்ற ஏழை வீட்டுக் கூரை, மின்சாரமும் நீரும் தரும் கூரையாக எண்ணப்பட்டது இங்கேதான். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது.

கூரையும் குடிநீரும்

தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்களில் கறையும் எலும்பு நோயும் அதனால் வருவன. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. மழைநீரில் இந்தப் புளோரைடுச் சிக்கல் இல்லை. 300 சதுர அடி என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழையில் அதன்மேல் 280 லிட்டர் விழும். எனவே இங்கு கூரையின் வாட்டமும் தூய்மையும் உடல்நலம் சார்ந்தவை.

ஆள் அமர்த்தும்போது

இன்று தளத்தில் சுருக்கி போடுவது ஒருவர், வெள்ளைப் பூச்சு பூசுவது ஒருவர், சூரியத் தகடு பொருத்துவது மற்றொருவர். ஒருவர் போட்ட தளத்தை இன்னொருவர் துளையிடுகிறார். ஒழுகினால் பொறுப்பு யாருடையது என்பது தெரிவதில்லை. எனவே வேலைக்கு முன் இவற்றைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்:

- பழைய தளம் கூடுதல் பாரம் தாங்குமா என்பதை யார் பார்த்துச் சொல்வார்?
- நீர் எந்தப் பக்கம் வடியும்? நீர் கட்டி நிறுத்திச் சோதித்துக் காட்டுவாரா?
- தகடு பொருத்தும் துளைகளை எதனால் அடைப்பார்?
- ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்காமல், தூசி பறக்காமல் நனைத்து இறக்குவாரா?
- முதல் மழைக்குப் பின் வந்து பார்ப்பாரா?

கடைசிக் கேள்வியே முதன்மையானது. புல் கூரையும் நாட்டு ஓடும் தலைமுறைகளுக்குப் பயன்பட்டதற்குப் பொருள் மட்டும் காரணமன்று. மழைக்கு முன் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்ததும் காரணம். பொருள் எதுவானாலும், பராமரிக்க ஆள் இருந்தால்தான் அது பசுமைக் கூரையாக நீடிக்கும்.