கிழக்காசிய மொழிப் படிப்பு உதவித்தொகைகள் (மலேசியா)

பினாங்கின் சூலியா தெரு தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கியது. நாகூர் தர்காவும் சீனக் கடைவீடுகளும் ஒரே தெருவில் நிற்கின்றன. கப்பித்தான் பள்ளிவாசல் அருகிலேயே. இங்கே ஹொக்கியன் என்னும் சீனமொழி காதுவழியே வந்துவிடும். ஜப்பானியமோ கொரியமோ எழுத்தோடு முறையாகக் கற்க, எளிய குடும்பத்து மாணவருக்கு உதவித்தொகை பெருந்துணை.

மலேசியாவில் இத்தகைய மொழிப் படிப்புக்குத் திருப்புமுனை, ஜப்பானையும் கொரியாவையும் முன்மாதிரியாகக் கொண்டு 1982இல் பிரதமர் மகாதீர் முகம்மது நடைமுறைப்படுத்திய கிழக்கு நோக்கும் கொள்கை. அவ்வாண்டே மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஜப்பான் செல்வோருக்கான இரண்டாண்டு ஆயத்தப் படிப்பு தொடங்கியது. ஜப்பானிய எழுத்தே அறியாமல் சேரும் மாணவர், முடிக்கும்போது கணக்கையும் இயற்பியலையும் அம்மொழியிலேயே எழுதித் தேறவேண்டும். கற்பிக்க ஜப்பானிலிருந்தே ஆசிரியர்கள் வந்தனர். இந்தக் கடுமைதான் திட்டத்தின் உயிர்.

ஜப்பான் அரசு 1954 முதல் வழங்கும் உதவித்தொகையில் கல்விக் கட்டணம், மாதப்படி, விமானப் பயணம் அடங்கும். ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் பாடமாகப் படிப்போருக்குத் தனிப்பிரிவு உண்டு. ஆய்வாளர்களுக்கு வேறு பிரிவு. தென்கொரிய அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் முதலாண்டு முழுதும் மொழிக்கே. கொரிய மொழித்திறனை அளக்கும் டோபிக் தேர்வில் 3ஆம் நிலையை எட்டினால்தான் பட்டப்படிப்புக்குள் நுழையலாம். 5ஆம் நிலையோடு வருவோருக்கு அவ்வாண்டு விலக்கு. பட்டம் நாடாமல் மாண்டரின் மட்டும் கற்க விரும்புவோருக்குத் தைவானின் ஹுவாயு உதவித்தொகை ஏற்றது.