காற்றுக்கு வாய் உண்டு, காது உண்டா?

குத்தாலம் என்றதும் அருவி கொட்டும் ஊரை எண்ணுவோர் உண்டு. அது குற்றாலம், தென்பாண்டிச் சீமையைச் சேர்ந்தது. நாம் பேச வந்தது காவிரிக் கரைக் குத்தாலம்பற்றி. மாயவரம் என்று நேற்றுவரை வழங்கிய மயிலாடுதுறைக்கு மேற்கே, கும்பகோணம் செல்லும் சாலையில், நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் அது. அங்கே கொட்டுவது அருவியல்ல, உழவனின் வியர்வை!

அந்த ஊரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் போன்ற இடங்களிலேதான், ஒரு காலத்தில், மாலைப் பொழுதானால் மக்கள் கூடுவர். பஞ்சாயத்துக் கட்டடத்துக்குள்ளே பூட்டிய பெட்டியில் வானொலிக் கருவி. வெளியே கூரைமேல் ஒலிபெருக்கிக் குழாய். திறவுகோல் ஒருவரிடம்; கேட்கும் காதுகளோ நூற்றுக் கணக்கில்! வீட்டிலே கருவி வைத்துக்கொள்ள விலையும் கொடுக்கவேண்டும், ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் கட்டவேண்டும். நாற்று நட்டுக் களைத்துத் திரும்பும் தோழனால் ஆகக்கூடிய காரியமா அது? அவனுக்குப் பஞ்சாயத்து ரேடியோதான் செய்தித்தாள்; அதுதான் உலகம்.

உலகம் அவனிடம் பேசிற்று. அவன் உலகத்திடம் பேச முடிந்ததா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் வானொலியின் வரலாற்றை நாம் புரட்டிப் பார்க்கிறோம்.

மன்றத்தில் பிறந்த குழந்தை

வானொலி என்றாலே தில்லியின் உடைமை என்று எண்ணும் பழக்கம் நம்மிடையே ஊறிவிட்டது. உண்மை வேறு. 1924 ஆம் ஆண்டு, சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து சென்னையில் ரேடியோ கிளப் ஒன்றைத் தொடங்கினர். அரசு பெற்ற பிள்ளையல்ல அது. ஆர்வலர் கூடி வளர்த்த குழந்தை. பணமுடையால் 1927 இல் அது தளர்ந்தபோது, கருவிகளை ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சி. 1930 முதல் 1938 வரை, ஒரு நகராட்சி மன்றமே ஒலிபரப்பு நடத்திற்று! மாலையில் இசை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் என அது பணியாற்றிற்று.

உள்ளூர் மன்றம் ஒலிபரப்பு நடத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அன்று முடிந்தது. பின்னாளில் 'முடியாது, கூடாது' என்று சட்டம் பேசியவர்கள் இந்த வரலாற்றை மறந்தார்கள். அல்லது நாம் மறக்கவேண்டுமென விரும்பினார்கள்.

1938 ஜூனில் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் அகில இந்திய வானொலியின் குடைக்கீழ் எழுந்தன. திருச்சி நிலையம் பேசத் தொடங்கிய நாள் எப்படிப்பட்ட நாள் என்பதை எண்ணிப் பாருங்கள். மாகாணப் பிரதமர் பதவியிலே இராசகோபாலாச்சாரியார், பள்ளியிலே கட்டாய இந்தி, சிறையிலே பெரியார். அந்த ஆண்டு சனவரியில் நடராசனும், மார்ச்சில் கும்பகோணத்துத் தாளமுத்துவும் சிறைப்பட்டிருந்த நிலையில் உயிர் நீத்திருந்தனர். தஞ்சைத் தரணிக்குத் தெளிவாகக் கேட்கும் முதல் குரல் பிறந்தபோது, அந்தத் தரணியின் பிள்ளை ஒருவனுடைய குரல் அடங்கி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

பெயரிலே தொடங்கிய வழக்கு

1957 இல் தில்லி, வானொலிக்கு 'ஆகாசவாணி' என்று பெயர் சூட்டிற்று. 1935 இல் மைசூரில் கோபாலசாமி தொடங்கிய நிலையத்துக்கு வாய்த்த பெயர் அது. மைசூரார் தம் நிலையத்துக்கு விரும்பிய பெயரை வைத்துக்கொண்டதில் நமக்கு வழக்கில்லை. ஆனால், 'வானொலி' என்ற இனிய சொல் தமிழன் நாவிலே நடமாடிக்கொண்டிருந்தபோது, அதை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவானேன்? நிலையத்தாரே தங்கள் தமிழ் நிகழ்ச்சி இதழுக்கு 'வானொலி' என்று பெயரிட்டிருந்தார்களே! தமிழகம் எதிர்த்தது. அன்றோடு முடிந்ததா? 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில், இனி எங்கும் 'ஆகாசவாணி' என்றே சொல்லவேண்டும் என மீண்டும் ஆணை பிறந்தது. தமிழகத்திலிருந்து மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. அறுபத்தாறு ஆண்டு இடைவெளி. அதே பெயர், அதே வழக்கு!

'பெயரிலே என்ன இருக்கிறது' என்பார் சிலர். பெயர் வைக்கும் உரிமை எவனிடம் இருக்கிறதோ, பேசும் உரிமையும் அவனிடமே போய்ச் சேரும்.

வானொலி விதைத்த நெல்

குறை மட்டுமே கூறுவது நேர்மையாகாது. வானொலி செய்த நன்மையைத் தஞ்சை உழவன் தன் நாவாலேயே வாழ்த்தினான். 1960 இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. குத்தாலத்துக்கு மேற்கே, சிறு தொலைவில், 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் ஊர் ஆடுதுறை. அங்கே உருவாகி, 1960களின் நடுவிலே குறுவைக்கு வந்தது ஆடுதுறை 27 என்னும் குறுகிய காலப் பயிர். அதன் விதை, உரம், நடவு, பூச்சி மருந்து அனைத்தையும் திருச்சி வானொலி எளிய தமிழில் எடுத்துச் சொல்லிற்று. உழவர் கேட்டனர், விதைத்தனர், அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தனர்! தில்லி வைத்த பெயரைத் தமிழகம் ஏற்கவில்லை. உழவன் வைத்த பெயரோ வரலாற்றில் நின்றது.

நெல் விளைந்தது. விளைந்த நெல்லில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே விளைந்தது. அறுப்பவன் கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்டான். அந்தக் கூலிப் போராட்டம் மூண்ட கீழத்தஞ்சையிலே, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள்ளே 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

புதிய விதையைப்பற்றிப் பேச வானொலியில் நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. வல்லுநர் வந்தார், விளக்கம் தந்தார். கூலி உழவனும் நிலக்கிழாரும் எதிரெதிரே அமர்ந்து, அவன் கேட்க இவர் விடை சொல்ல, ஊரார் அனைவரும் கேட்டு நீதி இன்னதென முடிவு கட்டுவதற்கு ஒரு நாற்காலியாவது அந்த அமைப்பிலே போடப்பட்டிருந்ததா? இல்லை. வானொலி தீ வைத்தது என்று நாம் சொல்லவில்லை. வழக்கைப் பேச மேடையில்லாத நாட்டிலே வழக்கு தெருவுக்கு வரும், தெருவிலே வலியவன் கை ஓங்கும் என்றுதான் சொல்லுகிறோம்.

கேட்டவன் பேசிய இடம்

அகில இந்திய வானொலிக்கு ஒழுங்குவிதி ஒன்று உண்டு. எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக்கூடாது. மத்திய அரசையோ மாநில அரசையோ பகைமையோடு குறைகூறக்கூடாது என்பன அதன் விதிகளிற் சில. நயமாகத்தான் இருக்கின்றன! ஆனால், அமைச்சரின் பேச்சு செய்தியாகும்; அமைச்சரைக் கேட்கும் கேள்வி தாக்குதலாகும் என்ற நிலைக்கு வழிவிட்டால், விதி யாருக்குக் கவசம்? தேர்தல் காலத்தில் கட்சிகள் வானொலியில் பேசும் உரிமை வந்ததே 1977 இல்தான். அதற்குமுன் ஐந்து பொதுத் தேர்தல்கள் நடந்து முடிந்துவிட்டன.

1975 ஜூன் 26 காலை, நெருக்கடி நிலையை நாடு அறிந்தது பிரதமரின் வானொலி உரையால். அச்சுத் தாளுக்குத் தணிக்கை. வானொலிக்குத் தணிக்கையே தேவையில்லை, அது அரசின் வாயாகவே இருந்தது. செய்தி தேடியோர் 1941 முதல் இலண்டனிலிருந்து ஒலித்த பிபிசி தமிழோசைப் பக்கம் முள்ளைத் திருப்பினர்.

அப்படியானால் நம் ஊர்களில் அரசியல் பேச்சே இல்லையா? இருந்தது! படிப்பகத்தில் இருந்தது, தேநீர்க் கடையில், முடிதிருத்தும் நிலையத்தில் இருந்தது. ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார், எழுத்தறியாதவர் கேட்பார், வானொலி சொன்னதற்கும் ஏடு சொன்னதற்கும் உள்ள வேற்றுமையை மூன்றாமவர் எடுத்துக்காட்டுவார். வானொலி வாய் மட்டும் படைத்திருந்தது. அதற்குக் காதும் மூளையும் பொருத்தியவை அந்தப் படிப்பகங்களே.

இன்னும் விடுபடாத விலங்கு

1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், காற்றலை பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 1990 இல் இயற்றிய பிரசார் பாரதிச் சட்டம், ஏழாண்டு உறங்கி, 1997 இல் நடைமுறைக்கு வந்தது. 2004 இல் அண்ணா பல்கலைக்கழகம் வளாக வானொலி தொடங்கிற்று. 2006 இல் மக்கள் அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. ஆழிப்பேரலை அழித்த நாகைக் கடற்கரையில், விழுந்தமாவடியில், களஞ்சியம் சமுதாய வானொலி எழுந்தது.

மகிழ்ச்சி! ஆனால் அந்த 2006 விதியிலேயே ஒரு விலங்கு: செய்தியும் அரசியலும் கூடாது! வானிலை சொல்லலாம், சந்தை விலை சொல்லலாம். வாய்க்கால் ஏன் தூர்வாரப்படவில்லை, கொள்முதல் நிலையத்தில் நெல் ஏன் நனைந்தது என்று பொறுப்பானவரைக் கூப்பிட்டுக் கேட்டால், அது அரசியல்! தொலைக்காட்சி இரவெல்லாம் வாதிடலாம். சிற்றூரின் சிறு வானொலி வாய் திறக்கலாகாது. இது என்ன நியாயம்?

'கட்டவிழ்த்தால் வெறுப்பு பரவுமே' என்று அஞ்சுவோருக்கும் விடை சொல்வோம். உருவாண்டாவில் 1993 இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, மறு ஆண்டே இனப்படுகொலைக்கு ஊதுகுழலாயிற்று. அதை நடத்தியோரை 2003 இல் பன்னாட்டு நீதிமன்றம் தண்டித்தது. கொடுமைதான். ஆனால் அங்கே பலர் பேசியதால் அழிவு வரவில்லை. ஆட்சிக்கு வேண்டியவர் பேச, மறுப்பவர் வாயடைக்கப்பட்டதால் வந்தது. அமெரிக்காவிலே 1949 முதல் இருபக்கக் கருத்துக்கும் இடம் தரவேண்டும் என்ற நேர்மை விதி இருந்தது. 1987 இல் அதனைக் கைவிட்டனர்; ஒருபக்கப் பேச்சு வானொலிகள் அதன்பின் ஓங்கி வளர்ந்தன. பாடம் என்ன? பேச்சைத் தடுப்பது மருந்தல்ல. மறுபேச்சுக்கு இடம் தருவதே மருந்து.

இளைஞர்களே! இன்று பஞ்சாயத்துப் பெட்டியின் பூட்டு திறந்துவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. குரல் பெருகிற்று, ஆராயும் பழக்கம் பெருகிற்றா? கேட்டதை நம்பாதே, கேட்டதைக் கேள் என்று நமக்குக் கற்றுத் தந்த படிப்பகங்களை மீண்டும் திறவுங்கள். செய்தி சொல்லும் உரிமையைச் சமுதாய வானொலிக்குக் கேளுங்கள். கிடைக்கும் நாளில், அந்த ஒலிவாங்கியின் முன் முதலில் அமரவேண்டியவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

குத்தாலத்து வயலில் நடவு நடும் தாய் பேசட்டும். பொறுப்பானவர் விடை சொல்லட்டும். ஊர் கேட்கட்டும்.