கேமரன் மலைத் தொகுதியும் தேயிலைத் தோட்டத் தமிழரின் பிரதிநிதித்துவமும்

கேமரன் மலை, மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள நாடாளுமன்றத் தொகுதி. தானா ராத்தா, ஜெலாய் என்ற இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். 2003ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்பில் உருவான இத்தொகுதி 2004ஆம் ஆண்டு முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்தது. அன்றிலிருந்து 2018 வரை நடந்த நான்கு பொதுத்தேர்தல்களிலும் மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) தமிழ் வேட்பாளரே வென்றார். ஆனால் மாநிலச் சட்டமன்றத்துக்கு இந்தக் காலத்தில் இங்கிருந்து தமிழர் ஒருவரும் போகவில்லை. தோட்டத் தமிழரின் அரசியலைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆய்வு செய்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930களில் பாரத் தேயிலை நிறுவனமும் வந்தது. காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்தினர். தோட்டத்துக்குள்ளேயே லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி என்று ஒரு வாழ்க்கை அமைந்தது. அடுத்தடுத்த தலைமுறையினர் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் போன்ற ஊர்களுக்கும், மலை இறங்கி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே வாக்குரிமை இல்லை. தோட்டத்தின் உழைப்பாளர் எண்ணிக்கைக்கும் வாக்காளர் எண்ணிக்கைக்கும் இருந்த தொடர்பு அதனால் தளர்ந்துவிட்டது.

2019 இடைத்தேர்தலின்போது தொகுதியில் 32,009 வாக்காளர்கள் இருந்தனர். தீபகற்பத்தின் சிறிய தொகுதிகளில் இதுவும் ஒன்று. மலாய்க்காரர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சீனர் 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினர் 22 விழுக்காட்டை ஒட்டி, இந்தியர் சுமார் 15 விழுக்காடு. எந்தச் சமூகத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் தானா ராத்தா தொகுதியில் இருக்கின்றன. ஜெலாய் தொகுதி லிப்பிஸ் பக்கம் இறங்கி விரிகிறது. அங்குள்ள போஸ் லெஞ்சாங், போஸ் பெத்தாவ் போன்ற பூர்வகுடிக் குடியிருப்புகள் காட்டுக்குள் இருக்கின்றன. மழை பெய்துவிட்டால் நான்கு சக்கர இயக்க வண்டியே திணறும் மண்பாதையில் போய்த்தான் அங்கே ஓட்டுக் கேட்க வேண்டும்.

தானா ராத்தா சட்டமன்றத் தொகுதி முன்பு கெராக்கான் கட்சியிடம் இருந்தது. 2013இல் ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) லியோங் ங்கா ங்கா அதை வென்றார். 2018இல் சியோங் யோக் கோங், 2022இல் ஹோ சி யாங் என்று அதே கட்சியே தக்கவைத்தது. ஜெலாய், மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் கோட்டை. அதன் உறுப்பினர் வான் ரோஸ்டி வான் இஸ்மாயில் 2018 மே மாதம் பகாங்கின் மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) ஆனார்.

சட்டமன்றத்தில் தம்மவர் இல்லாததால் தமிழருக்கு என்ன இழப்பு? மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டப்படி நிலம் மாநில அரசின் அதிகாரம். கல்வியும் தொழிலாளர் நலனும் கூட்டரசின் அதிகாரம். தமிழ்ப்பள்ளிக்கு மானியம், தோட்டச் சம்பளம் ஆகியவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் குரல் கொடுக்கலாம். வீட்டு மனைக்கோ பட்டாவுக்கோ மாநில அரசிடம்தான் போக வேண்டும். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வுபெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். வாழ்நாள் முழுக்க அந்த மண்ணில் உழைத்தவருக்கு அதே மலையில் சொந்தமாக ஒரு மனை என்பது பெரிய கோரிக்கை அல்ல. ஆனால் அந்தக் கோரிக்கை போய்ச் சேர வேண்டிய மன்றத்தில் இம்மலைத் தோட்டத்தை அறிந்த தமிழ் உறுப்பினர் இல்லை. இந்தத் தொகுதியின் அரசியல் வரலாற்றில் மிகப் பெரிய குறை இதுவே.

இத்தொகுதியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் ம.இ.கா.வின் எஸ். கே. தேவமணி. 2004, 2008 இரு தேர்தல்களிலும் வென்றார். 2007 நவம்பர் 25ஆம் தேதி இந்தியர் உரிமைகளுக்காக இண்ட்ராப் அமைப்பின் பேரணி நடந்ததை அடுத்து, ம.இ.கா. இடம்பெற்ற ஆளும் தேசிய முன்னணிக் கூட்டணியில் இருந்துகொண்டே இந்தியர்களின் மனக்குமுறலை மக்களவையில் எடுத்துச் சொன்னார். அதற்காகக் கூட்டணித் தலைமையின் கோபத்துக்கு ஆளானார். அந்த நாட்களில் அப்படிப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. பின்னர் பிரதமர் துறைத் துணையமைச்சரானார். 2013இல் சுங்கை சிப்புட்டுக்கு மாறிப் போட்டியிட்டுத் தோற்றார்.

அவருக்குப் பின் வந்தவர் ம.இ.கா.வின் அப்போதைய தேசியத் தலைவர் ஜி. பழனிவேல். 2008இல் உலு சிலாங்கூரை இழந்திருந்த அவர் 2013இல் கேமரன் மலையில் 462 வாக்குகளில் தப்பிப் பிழைத்தார். இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சர் பொறுப்பும் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணை திறக்கப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. 2014 நவம்பரில் மறுபடியும் சேற்று வெள்ளம் ஐந்து உயிர்களைக் கொண்டுபோனது. வரைமுறையில்லாமல் சரிவுகளை வெட்டியதும், அந்த மண் ஆறுகளையும் அணையையும் தூர்த்ததும் நாடறிந்த விவகாரம் ஆயின. சுற்றுச்சூழல் அமைச்சரே தொகுதி உறுப்பினராக இருந்தும் நிலத்தின் மீதான பிடி மாநில அரசிடமே இருந்தது. 2015இல் ம.இ.கா. தலைமைப் பூசலில் பழனிவேல் கட்சியையும் அமைச்சர் பதவியையும் இழந்தார். அதே கூட்டணியின் மைபிபிபி கட்சித் தலைவர் எம். கேவியஸ் தொகுதியில் சேவை மையம் நடத்தி இடத்தைக் கேட்டுப் பார்த்தார், ம.இ.கா. விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்த்தரப்பில் 2013 முதல் தொடர்ந்து நின்றவர் ஜ.செ.க.வின் வழக்கறிஞர் எம். மனோகரன். 2008இல் தெலுக் இந்தானில் வென்று நாடாளுமன்றம் போனவர், 2013இல் இந்த மலைக்கு வந்தார். 2018இல் ம.இ.கா. இளைஞர் பிரிவுத் தலைவர் சி. சிவராஜிடம் 597 வாக்குகளில் தோற்றார். சிவராஜ் 10,307, மனோகரன் 9,710. தோல்வியை ஏற்காமல் மனோகரன் தேர்தல் வழக்குத் தொடுத்தார். பூர்வகுடி வாக்காளர்களின் ஆதரவைப் பெறப் பணம் கொடுக்கப்பட்டது என்று கண்ட தேர்தல் நீதிமன்றம் 2018 நவம்பர் 30ஆம் தேதி முடிவை ரத்து செய்தது.

2019 ஜனவரி 26ஆம் தேதி இடைத்தேர்தல். இம்முறை ம.இ.கா. தொகுதியை விட்டுக்கொடுத்தது. தேசிய முன்னணியின் நேரடி வேட்பாளராக, ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரியும் செமாய் இனத்தவருமான ரம்லி முகமட் நோர் நின்றார். 12,038 வாக்குகள் பெற்று, மனோகரனை 3,238 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினர் அவர். அதுவரை தேர்தல் நேரத்தில் மட்டுமே தேடப்பட்ட ஒரு சமூகத்துக்கு இது நியாயமான, காலம் கடந்து வந்த உரிமை. தமிழர் இடம் பறிபோனது என்று மட்டும் இதைப் படிப்பது பிழை. 2022இல் மீண்டும் வென்ற ரம்லி மக்களவைத் துணைச் சபாநாயகர் ஆனார்.

மாநில அளவில் பார்த்தால், பகாங் சட்டமன்றத்தின் 42 தொகுதிகளில் தமிழர் தேர்ந்தெடுக்கப்படும் இடமாக நிலைத்திருப்பது பெந்தோங் பகுதியிலுள்ள சபாய். அங்கே 2013, 2018 தேர்தல்களில் ஜ.செ.க.வின் காமாட்சி துரைராஜுவும், 2022இல் ம.இ.கா.வின் ஆறுமுகமும் வென்றனர். அந்த 2022 தேர்தலில் எந்த அணிக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், தேசிய முன்னணியும் ஜ.செ.க. இடம்பெற்ற பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியும் சேர்ந்து மாநில ஆட்சியை அமைத்தன. வான் ரோஸ்டி மந்திரி பெசாராகத் தொடர்ந்தார். தானா ராத்தா, ஜெலாய் உறுப்பினர்கள் இருவரும் 2013க்குப் பின் முதன்முறையாக ஒரே ஆளும் தரப்பில் அமர்ந்தார்கள். லயத்துக் குடும்பங்களின் மனைக் கோரிக்கையை மாநில அரசின் முன் வைக்க வேண்டிய பொறுப்பு இப்போது அவ்விருவருடையது.